ஓரோடையில் பிறந்து ஓரோடையில் மடியும் நண்டுகள்

யானையொன்று ரயிலில் மோதுண்டு இறந்தால் அது முதற்பக்கச் செய்தி. சிறுத்தையொன்று தேயிலைத் தோட்டத்தில் கம்பிச் சுருக்கில் சிக்கினால் படத்துடன் மூன்றாம் பக்கம். மலையக ஓடையொன்றில் வாழும் நண்டினம் பூண்டோடு அற்றுப்போகும் தறுவாயில் உள்ளதென்ற செய்தி வந்தால்? ஆசிரியபீடங்களில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் எனக்கு விடை தெரியும். இடம் மிஞ்சினால் விநோதச் செய்திகளுக்கு நடுவே ஒரு பத்தி. மிஞ்சாவிட்டால் குப்பைக்கூடை.

நண்டு என்றதும் நம்மவருக்கு, அவர்கள் ரொறன்ரோவில் இருந்தாலும் லண்டனில் இருந்தாலும், நாவூறும். நான் சொல்ல வருவது கறிச்சட்டிக்கும் கூழ்ப்பானைக்கும் போகும் கடல் நண்டைப் பற்றியல்ல. இலங்கையின் ஈரவலயத்திலும் மத்திய மலைநாட்டிலும், ஓடைக் கற்களுக்கு அடியிலும் ஊற்றுக்கண் ஓரத்துச் சேற்று வளைகளிலும் ஒதுங்கி வாழும் நன்னீர் நண்டுகளைப் பற்றியது இது. 65,610 சதுர கிலோமீற்றர் பரப்பே கொண்ட இந்தத் தீவில் அவற்றில் ஐம்பது இனங்கள் வரையில் அறியப்பட்டுள்ளன. ஏறத்தாழ அனைத்துமே உலகில் வேறெங்கும் காணப்படாதவை. யானை இந்தியாவிலும் உண்டு, தாய்லாந்திலும் உண்டு. இந்த நண்டுகளோ இங்கு அழிந்தால் உலகிலிருந்தே அழிந்தவையாகும்.

இதற்கான காரணம் அவற்றின் பிறப்பிலேயே இருக்கிறது. கடல் நண்டு இலட்சக்கணக்கில் முட்டையிடும். பொரிக்கும் நுண்ணுயிர்கள் அலையோடு மிதந்து நெடுந்தூரம் போய்ச் சேரும். நன்னீர் நண்டுக்கு அந்த மிதக்கும் பருவமே கிடையாது. சில முட்டைகளையே இடும். அவை பெரியவை. தாய் அவற்றை வயிற்று மடிப்புக்குள் சுமந்து திரியும். பொரித்து வெளிவருவது முழு உருவம் பெற்ற சின்னஞ்சிறு நண்டு. அதையும் தாய் சிலகாலம் சுமக்கும். தாய் மாண்டே நண்டுக் குஞ்சு பிறக்கும் என்று பழந்தமிழர் நம்பியிருந்தார்கள். ஐங்குறுநூற்றின் களவன் பத்தில் அதற்குச் சான்று உண்டு. உண்மையில் இந்தத் தாய் சாவதில்லை, சுமக்கிறது. ஆனால், எந்த ஓடையில் பிறந்ததோ அந்த ஓடையை விட்டு அதன் பிள்ளைகள் வெகுதூரம் போவதில்லை. ஒரு மலைமுகடு குறுக்கே நின்றால் அப்பால் வேறோர் இனம். சில இனங்கள் ஒரேயோர் இடத்திலிருந்து மட்டுமே பதிவாகியுள்ளன.

இந்தச் செல்வம் நம்மிடம் இருக்கிறதென்பதையே நாம் தாமதமாகத்தான் அறிந்துகொண்டோம். 1962ஆம் ஆண்டில் சுவீடன் லுண்ட் பல்கலைக்கழகக் குழுவொன்று இங்கு வந்து ஓடையோடையாக உயிரினங்களைச் சேகரித்துச் சென்றது. குழுவை நடத்திய பெர் பிரிங்க்கின் பெயரே பின்னர் ‘பெர்பிரிங்கியா’ என்று ஒரு நண்டுப் பேரினத்துக்குச் சூட்டப்பட்டது. 1995இல் சிங்கப்பூர்ப் பேராசிரியர் பீற்றர் இங், சிங்கராஜ வனத்தில் மரமேறும் நண்டொன்றைப் புதிய இனமாக அறிவித்தார். மொஹமட் பாஹிர், ரொஹான் பெத்தியாகொட ஆகியோர் அவருடன் இணைந்து 2005இல் வெளியிட்ட மதிப்பீடுதான் நமது நண்டுகளின் ஆபத்தான நிலையை முழுமையாக எடுத்துக்காட்டியது. 2009இல் உலகின் 1,280 நன்னீர் நண்டினங்களும் மதிப்பிடப்பட்டபோது, ஆபத்து மிகக் கடுமையாகவுள்ள நாடுகளில் ஒன்றாக இலங்கை இனங்காணப்பட்டது. நமது இனங்களில் ஐந்தில் நான்கு பங்கு அழிவின் விளிம்பை நோக்கி நிற்கின்றன. பாராளுமன்றத்தில் இதைப்பற்றி எவரும் மேசையில் தட்டியதாக எனக்கு நினைவில்லை.

அவற்றை அழிப்பது எது? யாரும் பிடித்துத் தின்று தீர்க்கவில்லை. கோப்பிக்காக வெட்டப்பட்ட காடு, 1869இல் தலைகாட்டிய இலைநோயால் கோப்பி வீழ்ந்தபின் தேயிலைக்காக மேலும் வெட்டப்பட்டது. நிழல் போனால் ஓடைநீர் சூடேறும். சரிவு மண் மழையோடு இறங்கிக் கற்களின் இடுக்குகளை அடைத்துவிடும். நண்டின் வீடே அந்த இடுக்குத்தான். போதாததற்குக் களைகொல்லியும் உரமும் அதே சரிவால் இறங்குகின்றன. வெள்ளைக்காரத் துரைமார் தமது தூண்டில் பொழுதுபோக்குக்காக நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் விட்ட ட்ரவுட் மீனுக்கும் சிற்றுயிர்களே இரை.

அண்மைக் காலத்தில் சேர்ந்துகொண்டது சிறு நீர்மின் நிலையம். புகையில்லை, கரியில்லை என்பதால் இதற்குப் ‘பசுமை’ என்று பெயர். ஓடையை மேலே மறித்து, நீரைக் குழாயில் அடைத்துச் சரிவின் கீழுள்ள சுழலிக்குக் கொண்டுபோவார்கள். இடைப்பட்ட பகுதியில் மெல்லிய கசிவு மட்டுமே எஞ்சும். கீழே நீர் மீண்டும் ஓடையில் சேர்கிறதே, ஒரு துளியும் குறையவில்லையே என்று சொல்வார்கள். கணக்குச் சரி. ஆனால் ஓரினத்தின் முழு உலகமும் அந்த வறண்ட இடைப்பகுதியாக இருந்தால் என்ன செய்வது? அனைத்து நீர்மின் நிலையங்களையும் மூடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எந்த ஓடையில் எது வாழ்கிறதென்று பாராமலே அனுமதி வழங்காதீர்கள் என்கிறேன்.

‘மனிதர்களுக்கே தண்ணீர் இல்லை, இவருக்கு நண்டுக் கவலை’ என்று சிலர் சலித்துக்கொள்ளக்கூடும். மலையகத்தைப் பொறுத்தவரை இந்தச் சலிப்பு பிழையான இடத்தில் வருகிறது. தோட்டத்து லயன்களில் வாழும் நம் மக்களுள் ஏராளமானோர் இன்றும் குடிப்பதற்கும் குளிப்பதற்கும் நம்பியிருப்பது பீலியைத்தான். பீலிக்கு நீர் வருவது மேலேயுள்ள ஊற்றுக்கண்ணிலிருந்து. ஊற்றைச் சுற்றியுள்ள மரங்கள் போனால் வளையிலுள்ள நண்டும் போகும், பீலியும் வரட்சிக் காலத்தில் சொட்டத் தொடங்கும். மேலே மருந்தடித்தால் அது இருவருக்குந்தான். நண்டும் தோட்டத் தொழிலாளியும் ஒரே நீரின் இரு பாவனையாளர்கள். இருவரையுமே கேட்காமல்தான் அந்த நீர்பற்றிய முடிவுகள் எடுக்கப்படுகின்றன.

சிற்றுயிர்களுக்காகச் சட்டம் நீரைக் காத்த உதாரணம் அமெரிக்காவில் உண்டு. ரெக்சாஸ் மாநிலத்தில் எட்வேர்ட்ஸ் என்ற சுண்ணக்கல் நிலத்தடி நீர்த்தேக்கம் இருக்கிறது. சான் அன்ரோனியோ நகரம் அதிலிருந்தே நீர் இறைக்கிறது. 1956இல் கடும் வரட்சியோடு அளவற்ற இறைப்பும் சேர, கோமல் ஊற்றுகள் மாதக்கணக்கில் வற்றிக் கிடந்தன. அழிவபாயத்திலுள்ள உயிரினங்களுக்கான சட்டத்தின் கீழ் தொடரப்பட்ட வழக்கில் 1993இல் நீதிமன்றம் தலையிட்டது. அதே ஆண்டில் இறைப்பைக் கட்டுப்படுத்த ஓர் அதிகாரசபை சட்டமாக்கப்பட்டது. அவ்வழக்கின் மையத்தில் இருந்தது ஊற்றுகளில் வாழும் சிறு மீன் முதலானவை. 1997இல் இரண்டு வண்டினங்களும் குருட்டு இறால் போன்ற ஓருயிரும் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. வண்டுகளின் நீளம் சில மில்லிமீற்றர். விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள், அரசியல்வாதிகள் கேலி பேசினார்கள். ஆனாலும் ஊற்றுகள் ஓடுகின்றன, நகரமும் நீர் குடிக்கிறது.

எமக்குப் புதிய சட்டம் வேண்டுமென்பதில்லை. நீரோடைகளின் ஊற்றையும் கரையையும் பாதுகாக்க ஒதுக்கிடம் வைக்க 1947ஆம் ஆண்டின் அரச காணிகள் கட்டளைச் சட்டமே இடமளிக்கிறது. காகிதத்தில் ஒதுக்கிடம் உண்டு. தரையிலோ தேயிலைச் செடி ஓடை விளிம்பை முட்டிக்கொண்டு நிற்கும், தோட்டமில்லாத இடத்தில் மரக்கறிப் பாத்தி. நண்டுக்கு யானையைப்போல் ஆயிரம் ஏக்கர் வேண்டாம். இருகரையிலும் சில யார் அகலத்துக்கு மரநிழல், மருந்து படாத ஓர் ஊற்றுக்கண், மறிக்கப்படாத நீர். தேசிய பூங்கா எல்லைகளுக்கு வெளியே, தோட்டங்களையும் வீட்டுத் தோட்டங்களையும் ஊடறுத்து ஓடும் ஓடைகளில் பல இனங்கள் வாழ்வதால், வனஜீவராசிகள் திணைக்களம் தனித்து எதையும் செய்துவிட முடியாது. தோட்டங்களை 1992 முதல் நடத்திவரும் கம்பனிகள் தேயிலைப் பொதியில் பச்சை முத்திரை பதித்து வெளிநாடுகளுக்கு அனுப்புகின்றன. அந்தத் தேநீரை வாங்கிக் குடிக்கும் புலம்பெயர்ந்த உறவுகள், உங்கள் தோட்டத்து ஊற்றுக்கண்களைச் சுற்றி எத்தனை மரங்களை விட்டு வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம்.