அலை மலையேறாதோ?

2015இல் பொது இடங்களில் இலவச வைஃபை என்று முழங்கி, கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையத்தில் தொடங்கிவைத்தது அரசு. 2021இல், பெருந்தொற்றால் பள்ளிகள் மூடியிருந்த வேளை, பதுளை மாவட்டத்துப் பொஹிட்டியாவ கிராமத்துச் சிறுவர் பாடங்கற்க அலை தேடிக் காட்டுப் பாறை ஏறினர்! அப்படியாயின், லுணுகலை லயன் பிள்ளையின் கதி என்ன?

வைஃபைக்குச் சிம் வேண்டா. டேட்டாப் பொதி வேண்டா. பழைய கைபேசி ஒன்று போதும். அரிசி வாங்குவதா, டேட்டா வாங்குவதா எனத் தவிக்கும் தாய்க்கு இதனினும் பேருதவி உண்டோ?

செலவென்பர் சிலர். தேயிலை ஈட்டும் அந்நியச் செலாவணியை எண்ணும்போது இந்தச் சிக்கனம் எங்கே போயிற்று?

இணையம் கல்வியுரிமையின் கூறென 2019இலேயே தீர்ப்பளித்தது கேரள உயர்நீதிமன்றம். நாம் கேட்பதும் பிச்சையன்று, உரிமை! லுணுகலைப் பஸ் நிலையத்திலும் தபாலகத்திலும் தோட்டப் பாடசாலைதோறும் இலவச வைஃபை வேண்டும். வாக்குக் கேட்டு மலையேறத் தெரிந்தோர்க்கு, அலையை மலையேற்றத் தெரியாதோ?