அமெரிக்காவில் நம் நாட்டு ஜீப்

திருக்கோவிலூரிலிருந்து கல்வராயன் மலைப்பக்கம் போய்வரும் நேயர்கள் ஜீப் வண்டியை நன்கறிவார்கள். வில்லிஸ் கம்பெனியின் ஜீப்பை 1947-இல் இந்தியாவுக்குக் கொணர்ந்த மகிந்திரா கம்பெனியார், 2018-இல் அதே சாயலில் ‘ராக்ஸர்’ என்னும் சிறு வண்டியை அமெரிக்காவிலேயே விற்கத் துணிந்தனர். பாகங்கள் இங்கிருந்து போயின, பூட்டுவது மிச்சிகனில். பொதுச் சாலைக்கென்று செய்ததன்று. மணிக்குச் சுமார் 45 மைல் வேகத்தில் காட்டிலும் தோட்டத்திலும் ஓடும் டீசல் வண்டி. நம் குடியானவனுக்கு இஃது புதுமையன்று, அமெரிக்கருக்கோ வேடிக்கை!

அவ்வாண்டே பியட் கிரைஸ்லர் கம்பெனியார், ஜீப்பின் உருவம் தமதென்று அமெரிக்க வர்த்தக ஆணையத்தில் முறையிட்டனர். 2020 ஜூனில் தடை விழுந்தது. முகப்பை மாற்றியமைத்த வண்டிக்குத் தடையில்லையென அதே ஆணையம் டிசம்பரில் தீர்த்தது. ஆயினும் கோர்ட்டு விவகாரம் அத்துடன் ஓயவில்லை.

இதனை அன்னியர் சூழ்ச்சி என்று கூவுவோர் உளர். நாம் அவ்விதம் கருதவில்லை. இரவல் முகத்துடன் உடையவன் வீட்டு வாசலிலேயே கடை விரித்தால் வழக்கு வராமல் என் செய்யும்? (வக்கீல் தொழிலின் பழக்கம், இப்படித்தான் தோன்றுகிறது.) எழுபது வருஷம் வண்டி செய்த கைகள், வழக்கு பிறந்தபின் முகப்பை மாற்றின. அதனை முன்னமே ஏன் செய்யவில்லை என்பதே நமது கேள்வி.