உட்கார வைத்தது யார்?

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள் பிறவியிலேயே பலமில்லாதவர்கள். ஓடியாட விட்டால் ஏதாவது ஆகிவிடும். வளர வளர குண்டாகத்தான் ஆவார்கள், யாரும் ஒன்றும் செய்ய முடியாது. இதைப் பாட்டி நம்புகிறார், பி.டி. சார் நம்புகிறார், சில டாக்டர்கள்கூட நம்புகிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் நம்பவில்லை. பிள்ளை மேல் உள்ள பாசத்தில்தான் நம்புகிறார்கள். ஆனால் பதினெட்டு வயதில் ஒரு மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிற உடம்பை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்ததில் இந்த நம்பிக்கைக்குப் பெரும் பங்கு உண்டு. குரோமோசோம் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது.

உடம்பில் குறையே இல்லை என்று நான் வாதாடவில்லை. இவர்களுக்கு 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்றாக இருப்பதை 1959இல் ழெரோம் லெஜ்யூன் குழுவினர் அறிவித்தார்கள். அந்தக் கூடுதல் குரோமோசோம் உடம்பு முழுவதும் வேலை செய்கிறது. தசைகள் தொய்வாக இருக்கும், மூட்டுகளைக் கட்டும் தசைநார்கள் இளகியிருக்கும். ஏறத்தாழ பாதிக் குழந்தைகளுக்குப் பிறவி இதயக் குறைபாடு உண்டு. அதிகம் பேசப்படாத இன்னொன்றும் இருக்கிறது. ஓடும்போது மற்றவர்களுக்கு ஏறுகிற அளவுக்கு இவர்களுடைய இதயத்துடிப்பு ஏறுவதில்லை. '220இலிருந்து வயதைக் கழி' என்று ஜிம்மில் சொல்லும் உச்சத் துடிப்புக் கணக்கு இவர்களுக்குப் பொருந்தாது. துடிப்பு ஏறாவிட்டால் தசைக்குப் போகும் ரத்தமும் குறையும். அதனால் கூட ஓடுகிற பையனுக்கு முன்பே இவன் களைத்து உட்கார்ந்துவிடுவான். பார்ப்பவர்கள் 'சோம்பேறி, பிடிவாதக்காரன்' என்பார்கள். அவனுடைய இதயம் தன்னால் முடிந்த உச்சத்தில் வேலை செய்துகொண்டிருப்பது அவர்கள் கண்ணுக்குத் தெரியாது.

தசை பலம் குறைவாகப் பிறந்த பிள்ளைக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பயிற்சி வேண்டும். நாமோ பி.டி. பீரியடில் மற்ற பிள்ளைகளின் பைகளுக்குக் காவலாக அவனை மரத்தடியில் உட்கார வைக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மாற்றுத்திறன் உள்ள 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கும் தினமும் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு தேவை என்கிறது. மற்ற பிள்ளைகளுக்குச் சொன்ன அதே அறுபது நிமிடம்தான்.

பயிற்சியால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் டேல் உல்ரிக் குழுவினர் 2001இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள கைக்குழந்தைகளைப் பெற்றோரே ஒரு சிறிய டிரெட்மில் மேல் பிடித்து நடக்க வைத்தார்கள். ஒரு நாளைக்கு எட்டு நிமிடம், வாரத்தில் ஐந்து நாள், வீட்டிலேயே. வழக்கமான பிசியோதெரபி மட்டும் பெற்ற குழந்தைகளைவிட இவர்கள் மூன்று மாதத்துக்கும் மேல் முன்னதாக நடந்தார்கள். ஆஸ்திரேலியாவில் நோரா ஷீல்ட்ஸ் குழுவினர் இளைஞர்களை ஜிம்முக்கே அழைத்துப் போனார்கள். வாரம் இரண்டு முறை, பத்து வாரம், எடை தூக்கும் பயிற்சி. கூடவே துணைக்கு ஒரு பிசியோதெரபி மாணவர். கை, கால் இரண்டிலும் பலம் கூடியது. 2020 நவம்பரில் ஃபுளோரிடாவில் டவுன் சிண்ட்ரோம் உள்ள கிரிஸ் நிகிக் என்ற 21 வயது இளைஞர் 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதன்பின் ஒரு முழு மாரத்தானும் ஓடி, 17 மணி நேரக் கெடுவுக்குள் அயர்ன்மேன் போட்டியை முடித்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் அவர். எல்லாப் பிள்ளைகளும் அவரைப்போல ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பஸ் படியில் பிடிமானமில்லாமல் ஏறட்டும், தன் தண்ணீர்க் குடத்தைத் தானே தூக்கட்டும். அதற்கே கால் பலம் வேண்டும்.

பலமில்லாத பிள்ளை என்ற நம்பிக்கை, உட்கார வைப்பதைவிடப் பெரிய கேட்டையும் செய்கிறது. 'இந்தப் பிள்ளைங்க அப்படித்தான்' என்று சொல்லிச் சொல்லியே, சிகிச்சை உள்ள நோய்களைக் கண்டுபிடிக்காமல் விட்டுவிடுகிறோம். பையன் மந்தமாகிவிட்டான், எடை ஏறுகிறது என்றால் அது தைராய்டு சுரப்புக் குறைவாக இருக்கலாம். டவுன் சிண்ட்ரோமில் அது மிகச் சாதாரணம். அதனால்தான் ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். இருந்தால் தினம் ஒரு மாத்திரை போதும். 'நல்லா குறட்டை விட்டுத் தூங்குறான்' என்று சந்தோஷப்படும் வீடுகளில் அந்தப் பிள்ளைக்கு இரவெல்லாம் மூச்சு தடைபட்டுக்கொண்டிருக்கலாம். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் பாதிப் பேருக்கோ அதற்கும் மேலோ தூக்கத்தில் மூச்சுத் தடை உண்டு. சம்மணமிட்டு முன்னால் கவிழ்ந்தபடி தூங்குகிற பிள்ளை மூச்சுக்கு வழி தேடுகிறது. இரவில் தூங்காதவனைப் பகலில் 'ஓடு' என்றால் எப்படி ஓடுவான்?

'கழுத்து எலும்பு பிரச்சினை வரும்னு டாக்டர் சொன்னாரே' என்று பெற்றோர் கேட்பது நியாயமான பயம்தான். மேல் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிடிப்பு சிலருக்குத் தளர்ந்திருக்கும். அதனால் குட்டிக்கரணம், தலைகீழாகப் பாய்ந்து நீரில் குதிப்பது, தலையால் பந்தை முட்டுவது போன்றவற்றைத் தவிர்க்கலாம். நடையில் திடீர் மாற்றம், கழுத்து வலி, கை கால் பலவீனம், சிறுநீர் மலம் அடக்க முடியாமை இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும். இதயத்துக்கு எக்கோ எடுத்து டாக்டரிடம் பயிற்சியின் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இவ்வளவு கவனம் போதும். நடப்பதற்கும் ஆடுவதற்கும் சைக்கிள் ஓட்டுவதற்கும் ஒட்டுமொத்தமாகத் தடை போட இதில் காரணம் எதுவும் இல்லை.

அமெரிக்கக் கணக்கில் 1983இல் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் சுமார் 25. இப்போது 60ஐ ஒட்டி நிற்கிறது. 'இருக்கிற வரைக்கும் சந்தோஷமா இருக்கட்டும்' என்று விருந்தாளி நீட்டும் இரண்டாவது லட்டு அந்தப் பழைய 25ஐ மனதில் வைத்து நீட்டப்படுவது. ஓய்வில் இருக்கும்போது இவர்களுடைய உடம்பு செலவழிக்கும் கலோரியும் குறைவாக இருக்கக்கூடும் என்பது லட்டு கொடுப்பவருக்குத் தெரியாது. பள்ளி முடிந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். பதினெட்டு வயதில் சிறப்புப் பள்ளியின் வேன் வருவது நின்றுபோகும். அதன்பின் டி.வி., சோபா, முறுக்கு. வெளியே கூட்டிப்போக ஆளில்லை. அப்பாவுக்கு வேலை, அம்மாவுக்கு முழங்கால் வலி. இந்த வீடுகளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 30ஆம் பிரிவு, விளையாட்டில் இவர்களின் பங்கேற்பை உறுதிசெய்யும் பொறுப்பை அரசு மேல் வைத்திருக்கிறது. பூங்காக்களில் திறந்தவெளி ஜிம் கருவிகள் வைத்திருக்கிறோம். அதில் இந்த இளைஞன் கை வைத்தால் 'தம்பி, விழுந்துடப் போற, இறங்கு' என்று நாலு பேர் ஓடி வருவார்கள்.

ஆஸ்திரேலியாவில் செய்ததை இங்கே செய்யப் பெரிய பணம் தேவையில்லை. தமிழ்நாட்டில் பிசியோதெரபி கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. வாரம் இரண்டு மாலை, ஒரு மாணவருக்கு ஒரு இளைஞர் என்று சேர்த்துவிட்டு அதைப் பாடத்திட்டத்தின் பயிற்சி மணி நேரமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். கல்லூரி முதல்வர்களும் பல்கலைக்கழகமும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையும் ஒரு மேஜையில் உட்கார்ந்து, அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் இதற்கு உத்தரவு போட வேண்டும்.