கைவினைப் பகுதி: பீரங்கி வண்டிக்கு இரும்பு பூட்டுதல்

சென்ற இதழில் சிறு பீரங்கி வண்டியின் மரவேலையை முடித்தோம். பதினாறில் ஒரு பங்கு அளவில் செய்த அந்த வண்டி, ராமச்சந்திராபுரத்து இல்லங்கள் சிலவற்றிலேனும் இந்நேரம் மேசைமீது ஏறியிருக்கும் என நம்புகிறோம். இம்முறை அதற்குரிய இரும்பு உறுப்புகளைச் செய்வோம்.

மாதிரிக்கு ஏன் நூலையும் கற்பனையையும் நாட வேண்டும், நகரிலேயே பீரங்கிகள் உள்ளனவே என அன்பர்கள் வினவலாம். கோல்கொண்டாவின் பெட்லா புருஜின்மீது ‘ஃபதே ரஹ்பர்’ இன்றும் உள்ளது. 1687-ஆம் ஆண்டு முற்றுகையை நினைவூட்டுவது அது. 1795-இல் பிரெஞ்சுத் தளபதி ரேமண்ட், நிஜாமுக்காகப் பீரங்கி வார்க்கும் பட்டறை ஒன்றை இங்கு நிறுவினார். அதனாலேயே அப்பகுதிக்குக் கன் பவுண்டரி என்று பெயர். ஆயினும் வெண்கலம் மழைக்கு நிற்கும், மரம் நிற்காது. மரம் மட்கியபின் பட்டைகளும் ஆணிகளும் பழைய இரும்போடு போய்விடும். அளவெடுக்கத்தக்க பழைய வண்டி கிடைப்பது அரிதாயிருப்பதற்குக் காரணம் இதுவே. தஞ்சைக் கொத்தளத்துப் பெரும் பீரங்கியைச் செய்யலாமே என்பார்க்கு ஒன்று கூறுவோம்: தேனிரும்புப் பட்டைகளை வளையங்களால் இறுக்கிச் செய்த அது வியத்தகு வேலைதான், ஆனால் இருந்த இடத்திலேயே இருக்கும் பீரங்கி. நமக்கு வேண்டுவது உருளும் பீரங்கி.

ஊரில் மாட்டுவண்டி கண்டவர்க்கு இவ்வேலையிற் பாதி தெரிந்ததே. நடுவே குடம், அதிலிருந்து ஆரக்கால், சுற்றிலும் வட்டை, வட்டையின்மேல் இரும்புப் பட்டை. கொல்லர் பட்டையைச் சக்கரத்தினும் சற்றுச் சிறிதாகவே செய்வார். பழுக்கக் காய்ச்சி, விரிந்த நிலையில் ஏற்றி, நீர் ஊற்றுவார். சுருங்கும் இரும்பு வட்டையையும் ஆரக்காலையும் குடத்தை நோக்கி நெருக்கிப் பிடிக்கும். சக்கரத்தின் வலிமை பெரிதும் அப்பிடியில்தான் உள்ளது. விசைச்சுழலியின் பாகங்களை நுட்பமாக அளந்து பழகிய தந்தையரும், தெலுங்கும் ஆங்கிலமும் பயிலும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து செய்தால், இப்பெயர்கள் வேலையோடு வேலையாகப் பிள்ளைகளின் வாயில் வந்துவிடும்.

நம் சிறு சக்கரத்திற்கு உலைக்களம் வேண்டுவதில்லை. அரை மில்லிமீட்டர் பித்தளைத் தகட்டில் பட்டை நறுக்கி, வளைத்து, முனைகளைப் பற்றாசு வைத்து இணைக்க வேண்டும். விட்டம் 90 மில்லிமீட்டராயின், கொதிநீரில் இட்டெடுத்த பட்டை பத்தில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் விரியும். சக்கரத்தை அதற்கேற்ப அரத்தால் ராவிப் பொருத்தினால், சூட்டோடு ஏற்றிய பட்டை ஆறியதும் இறுகிவிடும். கொதிநீரின் சூட்டிற்குப் பற்றாசு உருகாது. குழந்தைகள் உள்ள வீட்டில் ஈயம் கலவாத பற்றாசையே வாங்குக.

அடுத்தது, பார்வைக்குச் சிறியதாயினும் இன்றியமையாத உறுப்பு. பீரங்கியின் இருபுறமும் நீண்டுள்ள முளைகள் வண்டியின் பக்கப் பலகைகளில் அமர்கின்றன. குண்டு முன்னே பாயும்போது பீரங்கி பின்னே உதைக்கும். அவ்வுதையை வண்டிக்குக் கடத்துவன இம்முளைகளே. அவை துள்ளி வெளியேறாதபடி மேலே வளைந்த இரும்பு மூடி ஒன்று, ஒருபுறம் கீலும் மறுபுறம் ஆணியுமாகப் பூட்டப்பட்டிருக்கும். கடைப்பொம்மைகளில் இதை வெறும் கோடாக வரைந்துவிடுகிறார்கள். நமக்கு அது உடன்பாடன்று. ஐந்து மில்லிமீட்டர் அகலப் பித்தளையை மங்கிய சிவப்பேறக் காய்ச்சி ஆறவிட்டால் மெழுகுபோல் இணங்கும். முளையின் பருமனுள்ள ஆணியொன்றின்மீது வைத்து வளைக்கலாம்.

வளையங்களுக்கும் கொண்டிகளுக்கும் மின்பணியில் எஞ்சும் செம்புக்கம்பி போதும். 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியின் விட்டம் ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர், பதினாறால் பெருக்கினால் 22 மில்லிமீட்டர், மெய்வண்டிக்கு ஏற்ற பருமன். ஆணியொன்றில் சுருளாகச் சுற்றி, நீளவாக்கில் அறுத்தால் ஒரே அளவில் வளையங்கள் உதிரும். குண்டூசித் தலைகள் திருகாணித் தலைகளாகும்.

எல்லாவற்றிற்கும் மங்கலான கறுப்பு பூசுக. பித்தளை பளபளத்தால் செய்த உழைப்பெல்லாம் பொம்மையாகிவிடும்.

பீரங்கிக் குழலை மட்டும் முன்புறம் சிறிதளவே குடைந்து நிறுத்துக. திரி வைக்கும் துளை உள்ளே எட்டலாகாது. தீபாவளி மருந்தை இட்டுப் பார்ப்போம் என்னும் ஆசை பிள்ளைகளுக்கு எழும். பித்தளைக் குழல் வெடித்தால் தெறிப்பது கண்ணை நோக்கியே. எத்துணைக் கெஞ்சினும் இதில் இளகவேண்டா.

இறுதியாக அச்சின் இரு முனையிலும் கடையாணி. பசை வைத்து ஒட்டிவிடாதீர்கள். உருவினால் சக்கரம் கழல வேண்டும். செருகினால் நிற்க வேண்டும்.