வெளிவீதியில் நின்றவர்கள்

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் வரலாறு வழிபாட்டுரிமை பறிக்கப்பட்ட ஒரு சமூகத்தின் வரலாறுமாகும். பழைய ஆலயத்தைப் போர்த்துக்கேயர் 1621இல் இடித்தனர். நூறாண்டுக்கு மேல் கழிந்து, ஒல்லாந்தர் ஆட்சியிலேயே இன்றைய கோயில் எழுந்தது. அவ்வடு யாழ்ப்பாணச் சைவர் நெஞ்சில் இன்னும் ஆறவில்லை. ஆயின், அந்நியன் இடித்ததற்காகக் கண்ணீர் வடித்த அதே சமூகம் தன்னுள் ஒரு பகுதியினருக்குத் தானே கதவடைத்ததை எவ்வாறு விளக்குவது?

தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்கள் 1956வரை நல்லூரின் வெளிவீதியில் நின்றே கும்பிட்டனர். அவ்வாண்டு கதவு திறந்தது. வானம் இடிந்து விழவில்லை. மறு ஆண்டு சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டமும் வந்தது. எனினும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் அம்மக்கள் தடுக்கப்பட்டனர். தடுத்தோருக்குத் தலைமை தாங்கியவர் கல்லாதவரல்லர். கணிதப் பேராசிரியராயும் அமைச்சராயும் விளங்கிய சி. சுந்தரலிங்கம். (கல்வி சாதியை அழிக்கும் என்று நம்புவோர் பல்கலைக்கழகங்களிலேயே மிகுதி!) அச்சட்டத்தின்கீழ் அவர்மீது வழக்கும் தொடரப்பட்டது.

சமயத்துள் அரசு கைவைக்கலாகாது, ஆகமமும் ஆதிவழக்கமும் அடியார் கூட்டத்தின் உரிமை என்பதே தடுத்தோர் தரப்பின் நியாயம். அக்கூட்டத்தில் அடங்குவோர் யாவர்? வாயிலுக்கு வெளியே நின்றவனும் நீறணிந்தவனே. கந்தசட்டி விரதம் பிடித்தவனே. அவனை விலக்கிவிட்டு அவன் பெயராலும் பேசுவது சமய சுதந்திரமன்று, சொத்துரிமையின் மாறுவேடம்.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை மனச்சாட்சிச் சுதந்திரத்தை ஒவ்வோர் ஆளுக்கும் அளிக்கின்றது, கூட்டத்துக்கு அன்று. 12ஆம் உறுப்புரையோ, ஒருவர் தம் சமயத்தின் பொது வழிபாட்டிடத்துள் புகுவதைச் சாதியின் பெயரால் தடுக்கலாகாது என்கின்றது. அதே அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மையிடம் வழங்குவதைத் தமிழர் கண்டிப்பது நியாயமே. 2024 மார்ச் 8ஆந் திகதி, சிவராத்திரியன்று, வெடுக்குநாறிமலையில் எண்மர் கைதானபோது எழுந்த சீற்றமும் நியாயமே.

ஆனால் 2018இல், ஒடுக்கப்பட்ட மக்கள் வடம் பிடிப்பதைத் தவிர்ப்பதற்காகத் தென்மராட்சிக் கோயிலொன்றின் தேரைப் பெக்கோ இயந்திரத்தால் இழுத்தனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தபோது அச்சீற்றம் எங்கே ஒளிந்திருந்தது? வெடுக்குநாறிக்காக அரசுக்கு மனு எழுதிய கைகள், இத்தகைய ஆலயங்களின் பரிபாலன சபைகளுக்கும் ஒரு மனு எழுதட்டும். அதற்குக் கொழும்புவரை செல்லவேண்டியதில்லை.