வந்தவர் என்ன தப்பு செய்தார்?



1941 நவம்பர் 24. நம் சென்னைக்கு மதராஸ் என்று பேர் இருந்த காலம். அன்று இங்கே பிறந்த ஓர் ஆண் குழந்தை, போர் முடிந்த 1945இல் குடும்பத்தோடு கப்பலேறி இங்கிலாந்தின் லிவர்பூல் நகருக்குப் போனது. அந்தப் பிள்ளையின் பெயர் பீட் பெஸ்ட்.

பீட்டில்ஸ் என்றதும் ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் என்று நான்கு பேரை வரிசையாகச் சொல்லிவிடுவோம். ரிங்கோ வருவதற்கு முன்பு, இரண்டு வருடம் அந்த பேண்டின் டிரம்மராக இருந்தவர் நம் ஊரில் பிறந்த இந்த பீட்தான். அவரை அனுப்பிய விதமும், அப்போது ரசிகர்கள் நடந்துகொண்ட விதமும் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். நடந்தது லிவர்பூலில். ஆனால், நம் வீட்டிலும் ஆபீஸிலும் நடக்காத விஷயமா அது?

பீட்டின் அம்மா மோனா, டெல்லியில் பிறந்தவர். துணிச்சல்காரர். லிவர்பூலில் தங்கள் வீட்டின் நிலவறையையே இளைஞர்களுக்கான காபி கிளப்பாக மாற்றினார். 1959 ஆகஸ்டில் அந்த 'காஸ்பா' கிளப் திறந்தபோது, ஜானும் பாலும் ஜார்ஜும் பெயின்ட் அடிக்கக் கூடமாட உதவினார்கள். முதல் நாள் அங்கே பாடியதும் அவர்கள்தான். அடுத்த வருடம் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வாசிக்க வாய்ப்பு வந்தது. டிரம்மர் இல்லை. பீட் சேர்ந்தார். இரவிரவாக வாசித்து, கிடைத்த இடத்தில் படுத்து, சேர்ந்தே வளர்ந்தார்கள்.

1962 ஆகஸ்ட் 16. மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன் தன் ஆபீஸுக்கு பீட்டை அழைத்தார். பையன்களுக்கு நீங்கள் வேண்டாமாம், உங்கள் இடத்தில் ரிங்கோ வருகிறார் என்று சொல்லிவிட்டார். இரண்டு வருடம் ஒன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிய மூன்று நண்பர்களில் ஒருவர்கூட அந்த அறையில் இல்லை. பிறகும் யாரும் நேரில் வந்து காரணம் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் தாங்கள் கோழைகளாக நடந்துகொண்டதை ஜான் லெனன் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

ஜூன் மாதம் லண்டனில் நடந்த ரெக்கார்டிங்கில் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்கு பீட்டின் வாசிப்பு திருப்தி தரவில்லை என்பது உண்மை. ரெக்கார்டிங்குக்கு மட்டும் வேறொரு டிரம்மரை வைத்துக்கொள்ளலாம் என்றுதான் அவர் நினைத்தார். பேண்டை விட்டே அனுப்பச் சொல்லவில்லை. யாரோடு சேர்ந்து வாசிப்பது என்று முடிவு செய்யும் உரிமை கலைஞர்களுக்கு உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால், அதை முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டாமா?

இப்போது ரசிகர்களுக்கு வருவோம்.

அதிகம் பேசாத, பார்க்க லட்சணமான பீட் மேல் லிவர்பூல் பெண்களுக்கு அவ்வளவு பிரியம். செய்தி பரவியதும் ஊரே கொதித்தது. உள்ளூர் இசைப் பத்திரிகையான 'மெர்சி பீட்'டுக்கு நூற்றுக்கணக்கானவர்கள் கையெழுத்திட்ட மனு போனது. பீட்டின் வீட்டு வாசலில் பெண்கள் காத்துக் கிடந்தார்கள். பேண்ட் வழக்கமாக வாசிக்கும் கேவர்ன் கிளப்பில் 'பீட் ஃபார்எவர், ரிங்கோ நெவர்' என்று கோஷம் கிளம்பியது. கைகலப்பில் ஜார்ஜ் ஹாரிசனின் கண் வீங்கிக் கறுத்தது. ஆகஸ்ட் 22 அன்று அதே கிளப்பில் ஒரு டிவி நிறுவனம் படமெடுத்தபோது, பாட்டு முடிந்ததும் கூட்டத்திலிருந்து ஒரு குரல் பீட் வேண்டும் என்று கத்துகிறது. இன்றைக்கும் அந்தப் படத்தில் அதைக் கேட்கலாம்.

அந்த ரசிகர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தங்களுக்குப் பிடித்த ஒருவருக்கு அநியாயம் நடந்தபோது அவர்கள் சும்மா இருக்கவில்லை. அது பாசம். ஆனால், அந்தக் கோஷத்தின் இரண்டாவது பாதி யார் மேல் போய் விழுந்தது?

ரிங்கோ யார் தெரியுமா? ஏழை வீட்டுப் பிள்ளை. ஆறு, ஏழு வயதில் குடல்வால் வெடித்து ஏறக்குறைய ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். பதின்மூன்று வயதில் காசநோய். மறுபடியும் இரண்டு வருடம் சிகிச்சை. படிப்பு போயிற்று. சிகிச்சை பெற்ற இடத்தில்தான் டிரம்ஸ் மேல் ஆசை பிறந்தது. வேறொரு பேண்டில் வாசித்துக்கொண்டிருந்தவரை இவர்களாகத்தான் கூப்பிட்டார்கள். வந்தார். பீட்டை வெளியேற்றியது அவரில்லை.

அவருக்கும் நிம்மதி கிடைத்ததா? செப்டம்பரில் 'லவ் மீ டூ' பாட்டைப் பதிவு செய்யப் போனால், டிரம்ஸின் பின்னால் ஆண்டி ஒயிட் என்ற இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். ரிங்கோ கையில் கொடுத்தது ஒரு டாம்பரின். பீட்டுக்கு நடந்தது தனக்கும் நடக்கப்போகிறது என்று அன்று பயந்துபோனதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். வெளியே 'ரிங்கோ வேண்டாம்' என்று ரசிகர்கள். உள்ளே இந்தப் பயம். அந்த இருபத்திரண்டு வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள்.

நம் வீட்டுக்கு வருவோம். பிள்ளைகளுக்கு உயிராக இருந்த டீச்சர் வருட நடுவில் மாற்றலாகிப் போகிறார். வகுப்பே அழுகிறது. மறுநாள் புது டீச்சர் உள்ளே வருகிறார். 'எங்க பழைய மிஸ் இப்படிச் சொல்லித் தர மாட்டாங்க' என்று முதல் பீரியடிலேயே ஒரு குரல். அந்தப் பிள்ளை மாலையில் வீட்டுக்கு வந்து புகார் சொல்லும்போது நாம் என்ன செய்கிறோம்? 'ஆமாம், அந்த மிஸ் மாதிரி வருமா' என்று நாமும் சேர்ந்துகொள்கிறோம் இல்லையா?

ஆபீஸில் ஒருவரை அனுப்பிவிட்டு அந்த சீட்டில் இன்னொருவரை உட்கார வைக்கிறார்கள். முடிவு எடுத்தவர் மாடியில் ஏசி அறையில் இருக்கிறார். நம் கோபம் அதுவரை ஏறிப்போவதில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் புதியவரிடம் நின்றுவிடுகிறது. அவரோடு டிபன் பாக்ஸைப் பகிர மாட்டோம். ஃபைல் எங்கே என்று கேட்டால் தெரியாது என்போம். அவரும் வீட்டில் ஸ்கூல் ஃபீஸும் இஎம்ஐயும் வைத்துக்கொண்டுதானே அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறார்?

சரி, போனவர் என்ன ஆனார்?

கோஷம் சில வாரங்களில் அடங்கியது. பீட்டில்ஸ் உலகப் புகழ் பெற்றது. ரேடியோவைத் திருப்பினால் அவர்கள் பாட்டு. பீட் வேறு பேண்டுகளில் முயன்றார். கைகூடவில்லை. மனமுடைந்து ஒரு நாள் உயிரை மாய்த்துக்கொள்ளவும் துணிந்தார். அம்மாவும் தம்பி ரோரியும்தான் தடுத்துக் காப்பாற்றினார்கள். கையெழுத்துப் போட்ட நூற்றுக்கணக்கானவர்கள் அங்கே இல்லை. இருந்தது குடும்பம்.

மனைவி கேத்தி உடன் நின்றார். இரண்டு பெண் குழந்தைகள். பீட் ரொட்டி மூட்டைகளை வண்டியில் ஏற்றும் வேலை பார்த்தார். பிறகு அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் சேர்ந்து இருபது வருடம் இருந்தார். ஒரே நாளில் வேலையை இழந்த மனிதர், வேலை இழந்து வருபவர்களுக்கு எதிரே உட்கார்ந்து வழி சொன்னார். இதைப் படித்த அன்று நான் கொஞ்ச நேரம் அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பீட்டின் உயிர் நண்பர் நீல் ஆஸ்பினால், பேண்டின் வண்டியை ஓட்டியவர். செய்தி கேட்டதும், 'நானும் போகிறேன்' என்று கிளம்பினார். வேண்டாம், இந்த பேண்ட் பெரிதாக வரும், நீ இரு என்று தடுத்தவர் பீட். நீல் பிற்காலத்தில் பீட்டில்ஸின் ஆப்பிள் நிறுவனத்தையே பல வருடம் நடத்தினார். தன் வலி நண்பனின் பிழைப்பைக் கெடுக்கக்கூடாது என்று இருபது வயதில் ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே!

1988இல் பீட் மறுபடி மேடை ஏறினார். 1995இல் வெளியான 'ஆந்தாலஜி 1' ஆல்பத்தில் அவர் வாசித்த பழைய பதிவுகள் சேர்ந்தன. முப்பத்து மூன்று வருடம் கழித்து அவருக்கு உரிய பணம் வந்தது. 2011இல் லிவர்பூலில் ஒரு தெருவுக்கு அவர் பெயர் வைத்தார்கள். கடைசித் தம்பி ரோகும் அவரும் ஒரே மேடையில் டிரம்ஸ் வாசித்து உலகம் சுற்றினார்கள். 2025இல், 83 வயதில், ஓய்வு பெற்றார்.

போனவர் மேல் நமக்கு இருக்கும் பாசம் உண்மையானதுதான். அது வந்தவர் மேல் கோபமாகத் திரும்பும்போது இரண்டு பேருக்கும் பயனில்லாமல் போகிறது. முதல் வாரத்தில் கோபப்பட எல்லாரும் இருப்பார்கள். ஆறாவது மாதம், வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது யார் வருகிறார்கள் என்பதுதான் முக்கியம்.

உங்கள் ஆபீஸிலிருந்தோ பள்ளியிலிருந்தோ தெருவிலிருந்தோ அப்படிப் போன ஒருவர் கண்டிப்பாக இருப்பார். இந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஒரு போன் செய்யுங்கள். முடிந்தால் நேரில் போய்வாருங்கள். திங்கட்கிழமை காலையில், அவர் இடத்துக்கு வந்திருப்பவரையும் டீ குடிக்கக் கூப்பிடுங்கள்.

என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்