குந்திக்கு வரம், குப்பாயிக்கு எருக்கங்குச்சியா?

1971-ம் வருஷத்தில் இந்தியப் பார்லிமெண்டார் கருக்கலைப்பைப் பற்றி ஒரு சட்டம் செய்தார்கள். அதற்கு முன்னெல்லாம் 1860-ம் வருஷத்துத் தண்டனைச் சட்டப்படி, தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காக அல்லாமல் கருவைக் கலைத்தால் கலைத்தவருக்கும் சிறை, கலைத்துக் கொண்டவளுக்கும் சிறை. சட்டம் மாறி ஐம்பது வருஷத்துக்கு மேலாகியும், பதினைந்து பதினாறு வயதுள்ள ஒரு பெண்ணிடம் "அம்மா, இப்படி ஒரு சட்டம் இருப்பது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? பெண்ணை விட்டுவிடுவோம். அவளுக்குப் பாடம் சொல்லும் உபாத்தியாயருக்குத் தெரியுமா? தெரிந்தாலும் வாயைத் திறப்பாரா?

இதைச் சொல்லிக் கொடுத்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்கின்றார்கள் நமது ஒழுக்கக் காவலர்கள். 1930-களில் நமது இயக்கம் கர்ப்பத்தடையைப் பற்றிப் பேசியபோதும் இதே கூச்சல்தான் போட்டார்கள். சொல்லிக் கொடுக்காத காலத்தில் யார் கெடாமல் இருந்தார்கள் என்று நாம் கேட்கின்றோம். இவர்களுடைய பாரதத்திலேயே குந்தி கன்னிப் பெண்ணாயிருக்கும்போது பிள்ளை பெற்று, ஊருக்குப் பயந்து அதைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்டாள். அதற்குப் பெயர் முனிவர் கொடுத்த வரமாம்! காலையில் எழுந்து பெயர் சொன்னால் பாவம் போகும் என்கிற பஞ்ச கன்னிகையரில் அவளையும் சிலர் சேர்த்து வைத்திருக்கின்றார்கள். (சூரிய பகவான் பேரில் யாரும் பிராது கொடுத்ததாகத் தெரியவில்லை.) ஆனால் நமது தெருவில் ஒரு குப்பாயிக்கு அதே கதி நேர்ந்தால் அவள் குலத்தைக் கெடுத்தவள். பிள்ளைக்குக் காரணமானவனோ அடுத்த தை மாதம் வரதட்சணை வாங்கிக் கொண்டு மாப்பிள்ளையாகி விடுகின்றான்.

நிற்க, இந்த அறியாமை என்ன செய்கின்றது என்று பார்ப்போம். வயதுக்கு வந்த முதல் சில வருஷங்களில் பல பெண்களுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை. ஆகவே நாள் தள்ளிப்போனாலும் அவளுக்குச் சந்தேகம் தோன்றுவதில்லை. தோன்றினாலும் சொல்ல ஆளில்லை. மூன்றாம் மாதமோ நான்காம் மாதமோ தோழியிடம் சொல்லுகிறாள். அவள் பப்பாளிக்காய் என்கின்றாள். இன்னொருத்தி மருந்துக்கடையில் மாத்திரை என்கின்றாள். கிழவி ஒருத்தி எருக்கங்குச்சியோடு வருகின்றாள். குச்சி கருப்பையைத் துளைத்துச் சீழ் பிடித்து உயிரைக் குடிக்கும். மாத்திரையோ டாக்டர் பார்த்துக் கொடுத்தால் நல்ல மருந்துதான். ஆனால் கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை அதைக் கலைக்காது. குழாய் வெடித்து உள்ளேயே இரத்தம் கொட்டிப்போகும். இதையெல்லாம் அவளுக்கு யார் சொன்னார்கள்?

2021-ல் திருத்திய சட்டப்படி, சட்டம் ஒப்பும் காரணம் இருந்தால் இருபது வாரம் வரை ஒரு டாக்டருடைய அபிப்பிராயம் போதும். பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணுக்கு இரண்டு டாக்டர்கள் ஒப்பினால் இருபத்து நான்கு வாரம் வரை செய்யலாம். அதற்கு மேல் போனால் ஹைகோர்ட்டு வாசலில் நிற்க வேண்டியதாகின்றது. ஒளித்து ஒளித்துக் கழித்த ஒவ்வொரு வாரமும் அவளை அங்கேதான் தள்ளுகின்றது.

சரி, துணிந்து ஆஸ்பத்திரிக்குப் போகின்றாள் என்றே வைத்துக்கொள்வோம். அங்கே "கலியாணம் ஆய்விட்டதா?" என்பது முதல் கேள்வி. "அப்பாவை அழைத்து வா" என்பது இரண்டாவது. "போலீசுக்கு எழுதுவோம்" என்பது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் பதில் சட்டத்திலேயே இருக்கின்றது என்பதுதான் வெட்கக்கேடு. கலியாணம் ஆகாதவளுக்கும் ஆனவளுக்கும் இதில் ஒரே உரிமைதான் என்று 2022 செப்டம்பர் 29-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியாயிற்று. பதினெட்டுக்குக் கீழ்ப்பட்டவளுக்குக் காப்பாளருடைய எழுத்துமூலமான சம்மதம் வேண்டுமென்பது உண்மைதான். ஆனால் காப்பாளர் என்றால் தகப்பன் ஒருவனே என்று சட்டம் எங்கே சொல்லுகின்றது? அவளைப் பராமரித்து வருபவர் என்றுதான் சொல்லுகின்றது. வளர்க்கிற பாட்டியாயிருக்கலாம், அத்தையாயிருக்கலாம். குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கின்ற பெண்ணுக்கு இந்த ஒரு வார்த்தை உயிர்ப்பிச்சையல்லவா?

போலீசு விஷயமும் அப்படியே. 2012-ம் வருஷத்துக் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டப்படி இதை அறிந்த எவரும் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். தவறினால் தண்டனை. டாக்டர்கள் இதற்குப் பயந்தே கையை விரிக்கின்றார்கள். அதே 2022 தீர்ப்போ, பெண்ணும் காப்பாளரும் வேண்டிக்கொண்டால் டாக்டர் அந்தத் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் எழுத வேண்டியதில்லை என்கின்றது. பயப்படுகிற டாக்டர்களை நாம் திட்டிப் பயனில்லை. அந்தத் தீர்ப்பைத் தமிழில் அச்சிட்டு அவர்கள் மேஜைமேல் வைக்காத சர்க்காரைத்தான் கேட்க வேண்டும்.

ஆகவே தோழர்களே, உங்கள் ஊர் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு நாலு பேராகப் போய், வாரக்கணக்கு, காப்பாளர் விஷயம், பெயர் எழுத வேண்டாத விஷயம் ஆகிய இவற்றைப் பெரிய எழுத்தில் பலகையாக வைக்கும்படி எழுதிக் கொடுங்கள். உயர்தரப் பள்ளிக்கூடங்களுக்கும் அப்படியே. மாதவிலக்கான பெண்கள் உள்ளே வரக்கூடாதென்று கோவில்களில் பலகை மாட்ட இடம் கிடைக்கின்ற நாட்டில், இதற்கு இடமில்லை என்று எந்த அதிகாரி சொல்லுகிறார் என்று பார்ப்போம்.